வேலை கிடைத்த பிறகு

தமிழ் நாவல்களில் வருகிற கதாநாயகர்கள் மேல் எனக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு. அவர்கள் தாமாக மாறுவதே இல்லை. தந்தி வருகிறது, மாறுகிறார்கள். மாமனார் சொத்தை எழுதி வைக்கிறார், மாறுகிறார்கள். மனைவி இறந்துபோகிறாள், சிநேகிதன் மோசம் செய்கிறான், கோர்ட்டில் வழக்குத் தோற்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாறுதல் தயாராகக் காத்திருக்கிறது. இவையெல்லாம் வாழ்க்கையில் நடக்காதவை என்று யார் சொல்ல முடியும்? நடக்கத்தான் நடக்கின்றன. ஆனால் தலையில் எந்த இடியும் விழாமல், சாப்பாட்டுக்குக் குறைவில்லாமல், நாலு பேர் மதிக்கும்படி இருக்கிற ஒருவன், ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசை ஒன்றினாலேயே எழுந்து நடந்து வேறு மனிதனாகிவிடுவதும் உலகத்தில் உண்டு. அந்த மாதிரி மாறுதலை நம் கதைகளில் விளக்கு வைத்துக்கொண்டுதான் தேட வேண்டியிருக்கிறது.

நம்முடைய முதல் நாவல் என்று சொல்லப்படுகிற பிரதாப முதலியார் சரித்திரம் 1879-ஆம் வருஷத்தில் வெளிவந்தது. அதில் எல்லாம் தற்செயல். தற்செயலாகப் பிரிகிறார்கள், தற்செயலாகச் சேருகிறார்கள், தற்செயலாக ராஜாவும் ஆகிவிடுகிறார்கள். படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. பதினாலு வருஷத்துக்குப் பின் விவேக சிந்தாமணியில் வரத் தொடங்கிய ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் வேறு தரம். முத்துஸ்வாமி ஐயரின் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர் ராஜமையர். ஆனாலும் அந்த மனிதர் குருவைத் தேடிப் போவதற்குக் கையிலிருந்தது போக வேண்டியிருக்கிறது, குழந்தை காணாமற் போக வேண்டியிருக்கிறது, மனைவி மேல் சந்தேகம் வர வேண்டியிருக்கிறது. எல்லாம் போன பிறகுதான் தேடல் ஆரம்பமாகிறது. எதுவும் போகாமலே தேடுகிறவன் இல்லையா என்று கேட்டால், ராஜமையரிடம் பதில் இல்லை.

அந்தப் பதிலுக்கு நான் நாவல் அல்லாத ஒரு புஸ்தகத்தைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதிய என் சரித்திரம். 1940 ஜனவரி முதல் ஆனந்த விகடனில் வாரா வாரம் வந்தது; 1950-இல் புஸ்தகமாயிற்று. தமிழ்த் தாத்தாவின் வரலாறு என்றாலே பலபேர் பள்ளிக்கூடத்துப் பாடம் என்று பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். ஏடுகளைத் தேடினார், கறையான் அரித்திருந்தது, அச்சிட்டார், தமிழ் பிழைத்தது என்று நாலு வரியில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கதை அது. புஸ்தகத்தைப் பிரித்துப் படிக்கிறவர்களுக்கு அந்த நாலு வரி அவ்வளவாக ஞாபகம் வருவதில்லை. கிட்டத்தட்டப் பாதி தூரத்துக்கு ஒரு பிராமணப் பையன் பாடம் கேட்க ஊர் ஊராக அலைகிற கதைதான் நடக்கிறது. அது எந்த நாவலுக்கும் இளைத்ததல்ல.

சாமிநாதையர் 1855-இல் பிறந்தவர். தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். மகனும் பாட்டிலேயே முன்னுக்கு வரவேண்டும், அதற்குத் தெலுங்கு படித்தால் உபயோகம் என்பது அவர் எண்ணம். பையனுக்கோ தமிழ்ப் பைத்தியம். இந்த இடத்தில் நம் நாவலாசிரியர்கள் என்ன செய்வோம்? தகப்பனுக்கும் பிள்ளைக்கும் சண்டை மூட்டிவிட்டு, பிள்ளையை ராத்திரியோடு ராத்திரியாக வீட்டை விட்டு ஓடச் செய்வோம். இங்கே நடப்பது அதுவல்ல. தகப்பனார் தம்பூரைத் தூக்கிக்கொண்டு, குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு, தமிழ் சொல்லிக் கொடுப்பவர் இருக்கிற ஊருக்குக் குடிபோகிறார். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று போகிறார்கள். போன இடத்தில் ராமாயணம் பிரசங்கம் செய்து, அதில் வருவதைக்கொண்டு ஜீவனம். தமக்கு அக்கறை இல்லாத ஒரு வித்தைக்காக ஒரு மனிதர் வருஷக்கணக்கில் வீடு மாற்றிக்கொண்டே இருந்தார் என்பதை மகன் ஆரவாரமில்லாமல் எழுதிக்கொண்டு போகிறார். நம்பிக்கை என்று நாம் பெரிதாகப் பேசுகிறோமே, அது இந்தப் புஸ்தகத்தில் முதலில் தகப்பனாரிடம்தான் தென்படுகிறது. பிள்ளையின் ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்குத் தெரியாது. பானை சட்டிகளை மூட்டை கட்டி வண்டியில் ஏற்ற மட்டும் தெரியும்.

செங்கணத்து விருத்தாசல ரெட்டியார் தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, இதற்கு மேல் மகா வித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைதான் என்று கையைக் காட்டுகிறார். 1871-இல் மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் சேருகிற அத்தியாயங்கள் புஸ்தகத்தின் உயிரான பகுதி. பிள்ளையவர்கள் உடனே ஆகட்டும் என்று சொல்லிவிடவில்லை. எத்தனையோ பேர் வருகிறார்கள், பாதியில் போய்விடுகிறார்கள் என்று இழுக்கிறார். சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்கிறார். பையன் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுங்குகிறான். அதைப் படிக்கிறபோது, பிற்காலத்தில் மகாமகோபாத்தியாயர் ஆனவர்தான் இந்தப் பையன் என்பது நமக்கு மறந்தே போகிறது. ஒருவேளை இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று நாமும் பயப்படுகிறோம். முடிவு தெரிந்த கதையில் வாசகனைப் பயப்பட வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று கதை எழுதுகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

அங்கே சேர்ந்ததும் முதலில் பாடம் சொல்லிக் கொடுக்க ஏற்பட்டவர் பிள்ளையவர்களின் மாணாக்கரான சவேரிநாத பிள்ளை. கிறிஸ்தவர். பரம சைவரான வித்துவான் வீட்டில், ஒரு கிறிஸ்தவர், ஒரு ஸ்மார்த்தப் பிராமணப் பையனுக்கு நைடதம் சொல்லிக் கொடுக்கிறார்! ஆசிரியருக்கு நெருங்கிய நண்பர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய அவரும் கிறிஸ்தவரே. நாகூர் குலாம் காதிறு நாவலர் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்டவர். இதையெல்லாம் ஐயர் ஒரு கொள்கையாகச் சொல்லவில்லை. வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லும்போது தானாக வந்து விழுகிறது. ஆனால் பின்னால் வரப்போவதற்கு இதுதான் விதை என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வாழ்வுக்கு ஒரு விலையும் கொடுத்தாயிற்று. மாயூரத்தில் அப்போது நந்தன் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். தகப்பனார் விருப்பப்படி பையன் அவரிடம் விடியற்காலையில் சங்கீதம் கற்றுக்கொண்டிருந்தான். பிள்ளையவர்களுக்குத் தெரிந்தது. சங்கீதத்தில் மனம் போனால் இலக்கண இலக்கியத்தில் புத்தி நிற்காது என்பது அவர் அபிப்பிராயம். பையன் சங்கீதத்தை விட்டுவிட்டான். இரண்டு மூன்று பக்கத்தில் விஷயம் முடிந்துவிடுகிறது. பரம்பரையாக வந்த வித்தை, அப்படிப்பட்ட குரு, தகப்பனாரின் ஆசை எல்லாம் ஒரு காலையில் போய்விட்டன. இங்கே இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாமே என்று எனக்கு ஆதங்கம். பாரதியாரிடம் போகாத அந்த முதல் விடியற்காலையில் பையன் என்ன செய்தான், எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தானா என்று அறிய ஆசைப்படுகிறேன். ஐயர் சொல்லவில்லை. எண்பத்தைந்தாம் வயதில் திரும்பிப் பார்க்கிறவருக்கு அந்தப் பையனின் வலி ஆறிப்போயிருக்கலாம், நமக்கு ஆறவில்லை.

1876 பிப்ரவரி 1-ஆம் தேதி ஆசிரியர் காலமானார். கடைசி நேரத்தில் மாணாக்கர் திருவாசகத்தில் அடைக்கலப் பத்தை வாசிக்கிறார். சவேரிநாத பிள்ளையும் அருகில் இருக்கிறார். அந்தக் காட்சியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. படிக்காதவர்கள் போய்ப் படித்துக்கொள்ளட்டும்.

பிறகு திருவாவடுதுறை மடத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவு. பாடம் கேட்பதும் பாடம் சொல்வதுமாக நாலு வருஷம். 1880 பிப்ரவரியில் கும்பகோணம் காலேஜில் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்று, அந்த ஸ்தானத்துக்கு இவரைக் கொண்டுவந்து உட்கார்த்துகிறார். வயது 25. கவர்ன்மெண்டு காலேஜ் உத்தியோகம். மடத்தின் அன்பும் போகவில்லை. அலைந்து திரிந்த தகப்பனாருக்கு இனி அலைச்சல் இல்லை. நாவலாக இருந்தால் இந்த இடத்தில் சுபம் என்று போட்டு மூடிவிட வேண்டியதுதான். நம் ஜனங்களின் கணக்கிலும் அப்படித்தான்: வேலை கிடைத்தது, கதை முடிந்தது. அதற்கு மேல் நடப்பது சம்பள உயர்வும் பெண் கல்யாணமும்.

அந்த வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி வியாழக்கிழமை. கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்த சேலம் ராமசுவாமி முதலியாரைப் பார்க்க ஐயர் போகிறார். யாரிடம் படித்தீர்கள் என்று முதலியார் கேட்கிறார். மகா வித்துவான் பெயரைச் சொன்னால் எந்த முகமும் மலரும். இந்த முகம் மலரவில்லை. என்ன என்ன படித்தீர்கள் என்று அடுத்த கேள்வி. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று ஐயர் அடுக்குகிறார். சுருதி ஏற ஏற எதிரே இருப்பவர் அசையவில்லை. முடிந்ததும், இதெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி ஒரு பதில். பழைய நூல்கள் ஏதாவது படித்ததுண்டா? சீவக சிந்தாமணி? மணிமேகலை? சிலப்பதிகாரம்?

இந்தக் காட்சியை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். ஒரு நாவலாசிரியன் என்ற முறையில் என்னைப் பிடித்து நிறுத்துவது முதலியாரின் கேள்வி அல்ல. கேள்வி கேட்கிறவர்கள் உலகத்தில் அநேகம். அந்தக் கேள்விக்கு அடுத்த நிமிஷம் என்ன நடந்தது என்பதுதான் விஷயம். ஐயருக்கு மூன்று வழிகள் திறந்திருந்தன. கோபித்துக்கொண்டு எழுந்து வரலாம். இங்கிலீஷ் படித்த உத்தியோகஸ்தருக்குத் தமிழ் என்ன தெரியும் என்று மாணாக்கர்களிடம் சொல்லி ஆறுதல் அடையலாம். அல்லது, சிரித்து மழுப்பிவிட்டு அந்தத் தெருப் பக்கமே போகாமல் இருக்கலாம்; வேலைக்கு ஆபத்தில்லை, சம்பளமும் நிற்காது. இரண்டில் ஒன்றைத்தான் நம்மில் பெரும்பாலோர் செய்வோம் என்று நினைக்கிறேன். ஐயரோ, படித்ததில்லை, பிரதி கிடைத்தால் படிக்கத் தயார் என்கிற தோரணையில் பதில் சொல்கிறார். முதலியார் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுக்கிறார். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். அவ்வளவுதான். இடியுமில்லை, மின்னலுமில்லை.

பிரித்துப் பார்த்தால் ஓடவில்லை. பதின்மூன்று இலம்பகம், மூவாயிரத்துக்கு மேல் பாட்டு. அச்சில் வந்திருந்தது 1868-இல் போவர் பாதிரியார் பதிப்பித்த முதல் இலம்பகம் மட்டும். நச்சினார்க்கினியர் உரை இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் எந்த நூல் என்று பெயர் சொல்லாமலே வரி வரியாக மேற்கோள் காட்டிக்கொண்டு போகிறார். அந்த நூல்களை ஐயர் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. பின்னால் மடத்துப் பழஞ்சுவடிகளில் பத்துப்பாட்டையும் எட்டுத்தொகையையும் பார்க்கும்போதுதான் அந்த வரிகளின் வீடு எது என்று தெரிகிறது. பத்து வருஷம் படித்து வித்துவான் என்று பெயரும் வாங்கிய பிறகு, தாம் படித்தது ஒரு சமுத்திரத்தின் கரையைத்தான் என்று கண்டால் ஒருவனுக்கு எப்படி இருக்கும்? பயம் வரும், அல்லது ஆசை வரும். இவருக்கு ஆசை வந்தது. இரண்டும் சேர்ந்துகூட வந்திருக்கலாம். பயத்தைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை.

இனிமேல்தான் கதையின் முடிச்சு. சிந்தாமணி ஜைன காவியம். சைவர்களுக்கு அந்தப் பெயரிலேயே ஒரு கசப்பு உண்டு. சோழ ராஜன் சிந்தாமணியில் மயங்கிக் கிடந்தான், அவனைத் திருப்பவே சேக்கிழார் பெரிய புராணம் பாடினார் என்பது வழிவழியாக வருகிற கதை. ஐயர் வளர்ந்ததோ சைவ மடத்தின் நிழலில். புஸ்தகத்தில் புரியாதவையெல்லாம் ஜைன சமயத்து விஷயங்கள். கேட்பதற்கு ஆள் யார்? கும்பகோணத்திலேயே ஜைனர்கள் இருந்தார்கள். சந்திரநாத செட்டியார் என்ற அன்பர் மூலமாக ஐயர் அவர்களிடம் போகிறார். போன வீட்டில் மாவிலைத் தோரணம் கட்டியிருக்கிறது. என்ன விசேஷம் என்று கேட்கிறார். இன்று சிந்தாமணி பூர்த்தி என்கிறார்கள்.

நான் கற்பனை செய்திருந்தால் இந்த இடத்தை இவ்வளவு நன்றாகக் கற்பனை செய்திருக்க முடியாது. தமிழ்நாட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது என்று தாம் தவித்துக்கொண்டிருந்த நூலை, அதே ஊரில், ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டு, பாராயணம் போல நடத்தி, முடிந்ததற்குத் தோரணம் கட்டிக் கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள். வித்துவான்களின் உலகத்துக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் இருந்தது சில தெருக்கள்தான். அந்தத் தெருக்களைத் தாண்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐயர் மாதக்கணக்கில் அங்கே போய்ச் சந்தேகம் கேட்டு வந்தார். காலேஜில் ஆசிரியர், இங்கே மாணாக்கர்.

சிலர் இதை விசாலமான மனசு என்று ஒரு வார்த்தையில் பாராட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த வார்த்தை போதவில்லை. தம் சமயத்தில் பிடிப்பு விட்டுப்போனவர் ஜைனர் வீட்டுக்குப் போவதில் ஆச்சரியம் இல்லை. ஐயருக்குப் பிடிப்பு விடவில்லை. கடைசி வரை விபூதி அணிந்த சைவராகவே இருந்தார். போனால் தம்முடையது போய்விடுமோ என்ற பயம் இல்லாததினாலேயே போக முடிந்தது என்று நான் நினைக்கிறேன். நம்பிக்கை உள்ளவன் கேள்வி கேட்கமாட்டான், கேள்வி கேட்கிறவனுக்கு நம்பிக்கை இருக்காது என்று ஒரு கட்சி உண்டு. நாவல்களிலும் அந்தப்படியே பாத்திரங்களைப் பிரித்து இரண்டு வரிசையாக உட்கார வைக்கிறோம். ஆசாரமான கிழவர் ஒரு பக்கம், சட்டை போட்ட பையன் ஒரு பக்கம். என் சரித்திரத்தில் ஆசாரக்காரரும் கேள்வி கேட்கிறவரும் ஒரே ஆள். சவேரிநாத பிள்ளையிடம் பாடம் கேட்ட பையன் சந்திரநாத செட்டியாரோடு போவதற்குத் தனியாகத் தைரியம் வரவழைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

சிந்தாமணி 1887-இல் வெளிவந்தது. ஏழு வருஷம்! கையொப்பக்காரர்களிடம் பணம் திரட்டி, சென்னைக்கும் கும்பகோணத்துக்கும் அலைந்து, புரூப் திருத்தி முடித்த அந்த வருஷங்களின் அத்தியாயங்கள் சுமார்தான் என்பது என் அபிப்பிராயம். இன்னார் பிரதி கொடுத்தார், இன்னார் கையொப்பம் போட்டார், இன்னார் வீட்டில் உபசரித்தார் என்று பெயர்கள் பெருகிவிடுகின்றன. நன்றி மறக்கக் கூடாது என்பது நல்ல குணம். நல்ல அத்தியாயத்துக்கு அது எப்போதும் உதவுவதில்லை. வாரப் பத்திரிகைக்கு எழுதியதால் ஒவ்வொரு வாரத்தையும் நிரப்ப வேண்டியிருந்தது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் நடு நடுவே, கண்டனங்கள் கிளம்பிய சமயத்தைச் சொல்லும் பகுதி மாதிரி, நிமிர்ந்து உட்கார வைக்கும் இடங்கள் வருகின்றன. புஸ்தகம் வந்ததும் குற்றம் கண்டுபிடித்து அச்சடித்துப் பரப்பினார்கள். ஐயர் பதில் எழுதத் துடிக்கிறார். காலேஜ் சகா ஒருவர் அது வேண்டாம் என்று தடுத்துவிடுகிறார். பதில் எழுதுகிற நேரத்தில் அடுத்த நூலைப் பார்க்கலாம் என்பது அவர் வாதம். 1889-இல் பத்துப்பாட்டு வந்தது, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு. எழுத்தாளர்கள் தங்களுக்கு வருகிற கண்டனங்களை இந்தத் தேதிகளோடு ஒட்டிவைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு குறையும் சொல்லத்தான் வேண்டும். இத்தனை பக்கங்களில் தகப்பனார் இருக்கிறார், தாயார் கொஞ்சம் இருக்கிறார், ஆசிரியர் நிறைந்து நிற்கிறார், மடத்துத் தம்பிரான்கள் நடமாடுகிறார்கள். மனைவி எங்கே? 1868-இல் கல்யாணம் நடந்ததற்கு அத்தியாயம் உண்டு. கல்யாணச் செலவுக் கணக்குகூட உண்டு. அதற்கப்புறம் அந்த அம்மாள் திரைக்குப் பின்னால் போய்விடுகிறார். சுவடி தேடி இவர் ஊர் ஊராகப் போன நாட்களில் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கிறது, வந்தவர்களுக்கு இலை போடப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்து மனிதர் வீட்டு விஷயத்தைப் பத்திரிகையில் எழுதமாட்டார் என்று சமாதானம் சொல்லலாம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருவர் அறியாத இடத்துக்குத் துணிந்து காலை வைக்கும்போது, கூடவே இன்னும் ஒருவரின் நாட்களும் அங்கே போகின்றன. அந்த நாட்களுக்கு இந்தப் புஸ்தகத்தில் கணக்கு இல்லை. கமலாம்பாளை நமக்குக் காட்டிய ராஜமையர் இந்த ஒரு விஷயத்தில் ஐயரைவிட ஒரு படி மேலே நிற்கிறார்.

ஜைன நூலைப் பதிப்பித்தாயிற்று என்று ஓயவில்லை. மணிமேகலைக்குப் பௌத்தம் தெரிய வேண்டும். கும்பகோணம் காலேஜிலேயே இருந்த மளூர் ரங்காசாரியாரிடம் ஐயர் பௌத்த சமய விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். நாற்பது வயது நெருங்கியவர், பெயரும் புகழும் வந்துவிட்டவர், மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கிறார். முதலியார் வீட்டில் அன்று கேட்ட மூன்று பெயர்களில் கடைசியாக அச்சேறியது மணிமேகலைதான், 1898-இல் வெளிவந்தது. அந்தக் காலத்தை ஒட்டி என் சரித்திரமும் நின்றுபோகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போதே, 1942 ஏப்ரல் 28-இல், ஐயர் காலமாகிவிட்டார். பழைய உரை கிடைக்காமற் போன குறுந்தொகைக்குத் தாமே உரை எழுதி அவர் வெளியிட்டது 1937-இல். அப்போது வயது 82. அந்த அத்தியாயத்தை அவர் வாயால் கேட்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை.